கடைசி எழுத்து வரைக்கும்

ஜூன் 4

என்னங்க,

போனை நீங்க வெச்சீங்களா, இல்ல மூணு நிமிஷம் முடிஞ்சு தானா அறுந்துச்சா தெரியல. "அந்தச் சனியனைத் தூக்கிக் கடல்ல போடு" அப்படின்னது மட்டும் காதுல விழுந்துச்சு. நம்ம வீட்டுக்குப் பக்கத்துல கடல் இல்ல. நீங்கதான் கடலுக்கு நடுவுல எண்ணெய் மேடையில உக்காந்திருக்கீங்க.

வாரத்துக்கு மூணு நிமிஷம். பக்கத்துல மேற்பார்வையாளர், பின்னாடி வரிசையில பத்துப் பேர். அந்த மூணு நிமிஷத்துல சண்டைதான் போட முடியும், பேச முடியாது. அதனால எழுதறேன். பத்து நாளைக்கு ஒருதடவை வர்ற சாமான் படகுல இது வந்து சேரட்டும்.

சுண்டுவுக்கு என்ன ஆச்சுன்னு நான் போன்ல முழுசாச் சொல்லல. போன செவ்வாய்க்கிழமை வகுப்புல எழுந்து நின்னு படிக்கச் சொல்லியிருக்காங்க. மொத்தமே நாலு வரி. நம்ம பொண்ணு எழுந்து நிக்கறதுக்குப் பதிலா மேசைக்கு அடியில போய்ட்டா. டீச்சர் சேட்டைன்னு நெனச்சுக் குனிஞ்சு கையப் பிடிச்சு இழுத்திருக்காங்க. அப்பதான் தரையெல்லாம் ஈரம்னு தெரிஞ்சிருக்கு. எட்டு வயசுப் பொண்ணுங்க. மூணாம் வகுப்பு. மத்த பிள்ளைங்க சிரிச்சிருக்காங்க.

போன் வந்தப்ப ஒரு பெரியவர் கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்துட்டிருந்தேன். மூணு குழாயும் நிரம்பற வரைக்கும் அசையக் கூடாது. அப்புறம் குழாய்ல பேர் ஒட்டணும். பேர் மாறினா அவர் ரத்தம் இன்னொருத்தர் ரத்தமா ஆயிடும். ஒட்டிட்டு மூணு தடவை சரிபார்த்துட்டுத்தான் ஓடினேன்.

பள்ளிக்கூடத்துல ஒரு தாள் குடுத்திருக்காங்க. செப்டம்பர்ல தலைமையாசிரியை முன்னாடி சுண்டு ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். முடியலன்னா ஒண்ணாம் வகுப்புக்கு இறக்கிடுவாங்க. ஆறு வயசுக் குழந்தைங்க கூட. அவளுக்கும் இது தெரியும். புத்தகப் பையப் பார்த்தாலே வாந்தி எடுக்கறா.

அந்த கேம் நான் காசு குடுத்து வாங்கினது இல்ல. எங்க லேப்ல ரிப்போர்ட் அடிக்கிற அக்கா, தன் பொண்ணு ஆடி முடிச்ச பழைய பெட்டியக் குடுத்தாங்க. ரெண்டு கையில பிடிச்சு ஆடற சின்னப் பெட்டி. அதுல ஒரு சிறுமி தொலைஞ்சுபோன நாயைத் தேடி ஒரு ஊருக்குள்ள போறா. ஊர் காலி. ஆள் இல்ல, குரல் இல்ல. சுவத்துலயும் கதவுலயும் ஒட்டின சீட்டுங்க மட்டும்தான். படிச்சாத்தான் அடுத்த தெருவுக்குப் போக முடியும்.

சுண்டு ஒரு சீட்டு முன்னாடி இருபது நிமிஷம் நின்னா. வாந்தி எடுக்கல. இதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். நீங்க கடல்ல போடச் சொல்லிட்டீங்க.

பதில் எழுதுங்க. கோவமா இருந்தாலும் எழுதுங்க.

உங்கள் மனைவி

*

ஜூன் 16

அன்புள்ள மனைவிக்கு,

நலம். உங்கள் இருவரின் நலமறிய ஆவல். உன் மடல் கிடைக்கப் பெற்றேன். குழந்தைக்கு நேர்ந்ததை அறிந்து உள்ளம் மிகவும் வருந்தியது.

இருப்பினும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டு வேறு, படிப்பு வேறு. பொம்மைப் பெட்டியால் படிப்பு வரும் என்றால் உலகத்தில் உள்ள பள்ளிக்கூடங்களை எல்லாம் பூட்டி விடலாமே? அந்தப் பெட்டியில் மூழ்கியவர்கள் மேலே வந்ததில்லை என்று கேள்விப்படுகிறேன். மேலும் காலியான ஊர், ஆளில்லாத வீடு என்று நீ எழுதியிருப்பது எனக்கே அச்சமூட்டுகிறது. குழந்தைக்கு எதற்கு அது?

இங்கே காற்று பலமாக இருக்கிறது. மேடையின் கால்களில் அலை அடிக்கும்போது கட்டிலே அசைகிறது. தீப்பெட்டி கூட இங்கே அனுமதி இல்லை. எங்கேயாவது வாயு கசிந்திருந்தால் ஒரு பொறி போதும். நான் கிரேன் கூண்டில் நாற்பது அடி உயரத்தில் அமர்ந்து படகிலிருந்து பெட்டிகளைத் தூக்குகிறேன். எனக்குக் கீழே எப்போதும் யாராவது ஒருவர் நிற்கிறார். அதை மறந்து ஒரு நிமிடமும் நான் இருந்ததில்லை.

குழந்தையை அடிக்காதே. அடித்தால் வராது. அது எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டு எழுது. எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்கின்றனவா? 'கொ' என்று வரும்போது முன்னால் நிற்கும் கொம்பு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று குழப்பமாக இருக்கிறதா? ஒரு வரி படித்து முடித்ததும் அடுத்த வரி எது என்று தெரியாமல் போகிறதா? தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? கட்டாயம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்

*

ஜூலை 1

என்னங்க,

கேட்டேன். நீங்க சொன்ன ஒவ்வொண்ணையும் கேட்டேன். எறும்புன்னதும் நிமிர்ந்து பார்த்தா. "உனக்கு யார்மா சொன்னாங்க?"ன்னா. அப்பான்னேன். "அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் அதேதான் கேக்கணும். ஆனா முதல்ல சுண்டு கதையச் சொல்லிடறேன், இல்லன்னா கை வராது.

அந்தக் காலி ஊர்ல ஒரு மாடி வீடு. படிக்கட்டு வாசல்ல ஒரு பலகை: "மூன்றாவது படியில் கால் வைக்காதே." சுண்டு "மூன்றாவது" வரைக்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பா, அப்புறம் "படி", "கால்", "வை". சரி, கால் வைக்கச் சொல்றாங்கன்னு மூணாவது படியில வெப்பா. படி உடைஞ்சு உள்ள விழுவா. திரும்ப வாசல்லேருந்து. பதினோரு தடவை விழுந்தா. எனக்குச் சொல்லிடலாமான்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். பன்னெண்டாவது தடவை பலகைகிட்டயே நின்னு விரல வெச்சு ஒவ்வொரு எழுத்தாத் தடவினா. "வை... க்... கா... தே." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க. "அம்மா, கடைசியிலதான்மா மாறுது! கடைசி எழுத்து வரைக்கும் படிக்கணும்!"

எத்தனையோ டீச்சர் சொல்லியிருப்பாங்க. தலையில ஏறல. பதினோரு தடவை விழுந்ததுல ஏறிடுச்சு. "விழும்போது பயமா இல்லையா"ன்னு கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா யாரும் சிரிக்கலல்ல"ன்னா.

எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். போன வியாழக்கிழமை பெட்டியை வாங்கி வெக்கப் போனேன், கையக் கடிச்சுட்டா. பல் பதிஞ்சுபோச்சு. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரியோன்னு தோணிச்சு. மறுநாள் லேப்ல ஒரு அம்மா ரத்தம் குடுக்க வந்தாங்க, குழந்தைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்களாம். ஊசி உள்ள இருக்கும்போதே கேட்டுட்டேன், பாவம், ஓட முடியாதுல்ல. "கேம் மருந்து இல்லம்மா. கையில குடுத்துட்டு நீங்க சமைக்கப் போனா அது வெறும் பொழுதுபோக்கு. பக்கத்துல உக்காருங்க. என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. அங்க பார்த்த வார்த்தைய வெளியில தேடச் சொல்லுங்க. ஆடி முடிச்சதும் என்ன நடந்துச்சுன்னு கதையாச் சொல்லச் சொல்லுங்க. நேரத்தை மட்டும் முன்னாடியே பேசி வெச்சுக்குங்க"ன்னாங்க. இப்ப தினமும் முக்கால் மணி நேரம். கடிகாரத்தை அவளே வெக்கறா. நேத்து பஸ்ல கதவு மேல எழுதியிருந்ததச் சத்தமாப் படிச்சா. "படியில் நிற்காதே." பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு.

இனி உங்க கதை.

உங்க கையெழுத்து இவ்வளவு முத்து முத்தா இருக்கும்னு பத்து வருஷமா எனக்குத் தெரியாது. 'கிடைக்கப் பெற்றேன்', 'உள்ளம் வருந்தியது'. இப்படிப் பேசற மனுஷன்கூட நான் குடும்பம் நடத்தலயே. வங்கிப் படிவம் வந்தா "நீ நிரப்பு, எனக்குக் கண்ணாடி இல்ல"ம்பீங்க. கண்ணாடிக் கடைக்குப் போகலாம்னா நாளைக்கும்பீங்க. பேப்பர் வந்தா "நீ படி, உன் குரல்ல கேக்கணும்"பீங்க. நான் அதை ஆசைன்னு நெனச்சேன்.

உங்களுக்கும் அப்படித்தானா?

எழுத வேண்டாம். அடுத்த தடவை போன்ல "ஆமா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு எதுக்குன்னு தெரியாது.

உங்கள் மனைவி

*

ஜூலை 12

மனைவிக்கு,

வேண்டாத கற்பனைகளுக்கு இடம் கொடாதே. எனக்குக் கண் சரியில்லை, அவ்வளவுதான். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். குழந்தையிடமும் எதுவும் சொல்லாதே. வேலை அதிகமாக இருப்பதால் சில வாரங்கள் போன் செய்ய இயலாது.

இப்படிக்கு,
உன் கணவன்

(இந்தச் சீட்டை அவருக்குத் தெரியாமல் உறைக்குள் வைக்கிறேன். தங்கச்சி, நான் இந்த மேடையில் சமையல்காரன். முதல் கடிதமும் இதுவும் என் கையெழுத்து. 'கிடைக்கப் பெற்றேன்' என் கைச்சரக்கு, அதற்கு அவரைத் திட்ட வேண்டாம்.

உன் கடிதத்தைச் சமையலறையில் வைத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். என் வாயால் படிக்க வேண்டிய வரி இல்லை அது. "ஏன் நிறுத்துறே, படி" என்றார். படித்தேன். எழுந்து போய் அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. தினமும் காலையில் வேலைக்கு முன்னால் அனுமதித் தாள் வரும். எதைத் தூக்கலாம், எந்தக் கம்பிவடம் பழுது, எந்தப் பக்கம் ஆள் வேலை செய்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடமாக அதை நான் படித்துச் சொல்லி, அவர் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய நினைவாற்றல் எனக்குக் கிடையாது. ஆனால் அடுத்த படகில் நான் ஐந்து வாரம் விடுப்பில் போகிறேன். மேலதிகாரியிடம் சொல்லிவிடு என்றேன். என் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீதான் ஏதாவது செய்ய வேண்டும்.)

*

ஜூலை 25

இது நீங்களே படிக்க.

சமையல்காரர் போய்விட்டார்.

எனக்குத் தெரியும்.

கோபம் இல்லை.

பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஒரு தாளில் ஒரு வரி.

சுண்டு சொன்ன வழி இது.

கேமில் இப்படித்தான் வரும்.

ஒரு வரி முடிந்தால்தான் அடுத்த வரி.

யாருக்கு என்று அவள் கேட்டாள்.

நான் சொல்லவில்லை.

உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

யாரோ எடுத்தார்கள்.

பேசாமல் வைத்துவிட்டேன்.

நான் சொன்னால் உங்களைக் காட்டிக் கொடுத்தது ஆகும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

தூக்கம் இல்லை.

கீழே ஒருவர் நிற்கிறார் என்று எழுதினீர்களே.

அவருக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிரேன் ஏறாதீர்கள்.

யாரிடமாவது சொல்லுங்கள்.

வேலை போனால் போகட்டும்.

வீட்டுக்கு வாருங்கள்.

*

ஆகஸ்ட் 15

இத நானே எழுதறேன். ஆறு நாள் ஆச்சு. தப்பு இருக்கும்.

உன் கடிதம் பத்தாம் தேதி வந்துச்சு. கடல் கொந்தளிச்சதால படகு ஒரு வாரம் வரல. இருவத்தி நாலு தாள். நானே படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்.

ஒரு நாள் முன்னாடி வந்திருக்கணும்.

ஒன்பதாம் தேதி காலைல அனுமதித் தாள் குடுத்தாங்க. சமையலறைக்குப் போனேன், பழக்கத்துல. புது ஆள் இருந்தான். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். முத நாளும் அப்படித்தான் போட்டேன். அதுக்கு முன்னாடியும். ஒண்ணும் ஆகல. அதனால பயம் கொஞ்சம் விட்டுப் போச்சு. அதான் தப்பு.

கீழ வடங்கள அடுக்கி வெச்சிருந்தாங்க. ஒண்ணுல சிவப்பு அட்டை. நானும் பார்த்தேன். இறங்கிக் கிட்டப் போயிப் பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன். "தூக்க"ன்னு இருந்துச்சு. பின்னாடி இன்னும் எழுத்து. காத்துல அட்டை ஆடிச்சு. எழுத்தும் ஆடிச்சு. மேல போகச் சொல்லிக் கத்தினாங்க. தூக்கத்தான் சொல்றாங்கன்னு அந்த வடத்தையே கொக்கியில மாட்டிட்டு மேல போய்ட்டேன்.

தூக்கக் கூடாது.

சுண்டு படியில விழுந்தத நீ எழுதினியே. அது அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.

சாமான் பெட்டி பாதி உயரத்துல இருக்கும்போது வடம் அறுந்துச்சு. கிரேனுக்குச் சைகை காட்டறவர் கீழ நின்னார். நான் மேலேருந்து கத்தினேன், கண்ணாடிக் கூண்டு, யாருக்குக் கேக்கும். அவர் தானாத் தாவினார். ஒரு கால் மாட்டிக்கிச்சு. கணுக்கால் நொறுங்கிப் போச்சு. ஹெலிகாப்டர்ல கொண்டு போனாங்க. உயிர் இருக்கு. நடப்பாரான்னு தெரியல. போறப்ப என்னைப் பார்த்துக் கையத் தூக்கினார். உன் தப்பு இல்லன்னு சைகை.

அதான் என்னைக் கொல்லுது.

அட்டை கடல்ல விழுந்துடுச்சு. பெட்டி மேடை ஓரத்துல மோதிக் கடல்ல உருண்டப்ப அதோட போச்சு. அட்டையே கட்டலன்னு, வடமெல்லாம் பார்த்துக்கற ஸ்டோர்க்காரர் மேல பழி போட்டுட்டாங்க. அவருக்கு அம்பத்தெட்டு வயசு. நான் கட்டினேன் சார், நானே எழுதிக் கட்டினேன் சார்ங்கறார். யாரும் நம்பல. நான் பார்த்தேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

என்கிட்டயும் கேட்டாங்க. அட்டை இருந்துச்சான்னு. ஞாபகம் இல்லன்னுட்டேன்.

விசாரணைக்கு வெள்ளிக்கிழமை ஆள் வருது. ஒரு தாள் அடிச்சு வெச்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போடணும். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது.

என்னைக் கிரேன்ல ஏத்தல. சும்மா உக்காந்திருக்கேன். நீ பதில் எழுதறதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும்.

*

ஆகஸ்ட் 27

சமையல்காரர் திரும்பி வந்துட்டார். நான் எழுதித் தர்றேன்னார். வேணாம்னேன். எழுத்து சந்தேகம் வந்தா மட்டும் உன்கிட்டக் கேக்கறேன்னேன். மூணு தடவை கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்தத சொல்றேன்.

ஆபீஸ் அறைல நாலு பேர். மேனேஜர், விசாரணைக்கு வந்த ரெண்டு பேர், ஸ்டோர்க்காரர். ஸ்டோர்க்காரர் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போற மாதிரி.

தாளத் தள்ளினாங்க. இங்க போடுங்கன்னு பேனாவ நீட்டினாங்க. எத்தன வருஷமா அந்த "இங்க"ல போட்டிருக்கேன். பேனாவ வாங்கினேன். கை போகல.

"படிச்சுட்டுப் போடறேன்"னேன்.

"சரி, படிங்க"ன்னாங்க.

ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு. மேனேஜர் கடிகாரத்தப் பார்த்தார். எனக்குக் காது ரெண்டும் கொதிச்சுது. சட்ட முதுகோட ஒட்டிக்கிச்சு. சுண்டு மேசைக்கடியில போனான்னு நீ எழுதினப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அந்த அறையிலயும் ஒரு மேசை இருந்துச்சு. சத்தியமா அதுக்கடியில எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்தேன்.

அப்புறம் வாயத் தொறந்துட்டேன். "எனக்குப் படிக்க வராது. ரொம்ப மெதுவாத்தான் வரும். நீங்க காத்திருந்தா நானே படிக்கறேன்."

வந்தவங்கள்ல ஒரு அம்மா இருந்தாங்க. "காத்திருக்கோம்"னாங்க.

வெள்ளத் தாள ஒண்ணு வாங்கி மத்த வரிய மறைச்சுட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சேன். சத்தமா. நாப்பது நிமிஷம். ஒரு பக்கம். நாலாவது வரியில இருந்துச்சு. "வடத்தில் எச்சரிக்கை அட்டை எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை." 'கட்டப்பட்டிருக்க' வரைக்கும் வந்து மூச்சு விட்டேன். நிறுத்தல. மீதியையும் படிச்சேன். "இது பொய்"னேன். "அட்டை இருந்துச்சு. நான் பார்த்தேன். கிட்டப் போயிப் பார்த்தேன். என்னால முழுசாப் படிக்க முடியல. இவர் மேல தப்பு இல்ல."

ஸ்டோர்க்காரர் என்னைத் திட்டுவார்னு நெனச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நெனச்சேன். அவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டே இருந்தார். துடைக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

உரிமத்த ரத்து பண்ணிட்டாங்க. இனி கிரேன் கிடையாது. வழக்கு வருமா வராதான்னு சொல்லல. வரலாம். சைகை காட்டறவர் வீட்டுக்கு நான் போகணும். என்ன சொல்றதுன்னு தெரியல. அந்தம்மா மட்டும் வெளிய வந்து, பெரியவங்களுக்கும் சொல்லிக் குடுக்கற இடம் இருக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. பெரிய எழுத்துல.

செப்டம்பர் ஏழு படகு. எட்டாம் தேதி கரைல இறங்குவேன்.

எனக்கு இந்தக் கடல் பயம் இல்ல. புயல்ல கூட இருந்திருக்கேன். சுண்டு முன்னாடி வந்து உக்காரணும்னு நெனச்சாத்தான் காலு வரல. அவகிட்ட எதுவும் சொல்லாத. நான் வந்து சொல்றேன். சொல்ல முடியலன்னா கொஞ்ச நாள் போகட்டும்.

*

செப்டம்பர் 6

(படகுத்துறை ஆபீஸில் கொடுத்து வைத்தது)

என்னங்க,

இறங்கினதும் இதக் குடுக்கச் சொல்லியிருக்கேன். சின்ன வரியாவே எழுதறேன். அவசரப்படாம ஒரு ஓரமா உக்காந்து படிங்க.

முதல்ல ஒரு தப்பச் சொல்லிடறேன். நீங்க சொல்லாதன்னீங்க. சுண்டுவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான் சொல்லல. அவளே படிச்சுட்டா.

கடைசிக் கடிதம் வந்தப்ப நான் லேப்ல இருந்தேன். வீட்டுக்கு வந்தா அவ கதவோரம் தரையில உக்காந்திருக்கா. உறை கிழிஞ்சு கெடக்கு. ஆகஸ்ட் பதினஞ்சு கடிதத்தையும் என் பெட்டியிலேருந்து எடுத்து வெச்சிருக்கா. ரெண்டையும் படிச்சுட்டிருக்கா. பெருசாவும் தனித்தனியாவும் எழுதியிருந்தீங்களா, அது அவளுக்குத் தோதாப் போச்சு.

பிடுங்கலாம்னு ஓடினேன். பாதியில நின்னுட்டேன். மூணு மாசத்துக்கு முன்னாடி நாலு வரிக்கு மேசைக்கடியில போன பொண்ணு. அவ கையிலேருந்து ஒரு கடிதத்த நான் எப்படிப் பிடுங்குவேன்?

நின்னு பார்த்தேன். விரல் ஒவ்வொரு வரியா இறங்குது. "எனக்குப் படிக்க வராது"ங்கற இடத்துல விரல் நின்னுச்சு. அழுவாளோன்னு பயந்தேன். சிரிச்சுடுவாளோன்னு அதைவிடப் பயந்தேன்.

ரெண்டும் இல்ல. "இத்தனை நாளா அப்பா பொய் சொன்னாரா?"ன்னு கேட்டா.

மழுப்பத் தெரியல. ஆமான்னேன்.

"எனக்கு மட்டுந்தான் எறும்பு ஊருதுன்னு நெனச்சேன். வகுப்புல, வீட்டுல, எல்லா இடத்துலயும் நான் மட்டுந்தான்னு நெனச்சேன். அப்பா ஒரு தடவை சொல்லியிருந்தா நான் மேசைக்கடியில போயிருக்க மாட்டேன்ல?"

நீங்கதான் சொல்லணும்.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் உங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கேம் பெட்டியக் கூட எடுக்கல. நாலாம் தேதி தலைமையாசிரியை முன்னாடி படிக்கணும். எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னே நெனச்சேன்.

நாலாம் தேதி நான் வாசல்ல நின்னேன். கதவு பாதி திறந்திருந்துச்சு. நின்னுட்டே படிச்சா. ஒரு பக்கத்துக்குப் பதிமூணு நிமிஷம். நாலு இடத்துல மாட்டிக்கிட்டா. ஒரு இடத்துல ரொம்ப நேரம் சத்தமே இல்ல, நான் கதவப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் அவ குரல்: "கொஞ்சம் காத்திருந்தா நானே படிக்கறேன்." உங்க வரி அது. எனக்குத் தெரிஞ்சுது. தலைமையாசிரியைக்குத் தெரியாது. அவங்க காத்திருந்தாங்க.

மூணாம் வகுப்புலயே இருக்கலாம்னுட்டாங்க. தினமும் ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி வெக்கறாங்களாம். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. புதுப் புத்தகத்தப் பார்த்து நேத்துக் கூட முகம் வெளுத்துச்சு. ஆனா வாந்தி எடுக்கல.

வேலை பத்தி வீட்டுல பேசிக்கலாம். வழக்கு பத்தியும் பேசிக்கலாம். எனக்கும் பயந்தான். சைகை காட்டறவர் வீட்டுக்கு நீங்க தனியாப் போக வேண்டாம், நானும் வர்றேன்.

இதை எழுதிட்டிருக்கும்போது சுண்டு பக்கத்துல வந்து நின்னா. யாருக்குன்னு கேக்கல. பேனாவ வாங்கி, கீழ இருக்கறத அவளே எழுதினா. நான் ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கல.

"அப்பா நான் உங்க மேல கோவமா இருக்கேன். நாளன்னைக்கும் கோவமாத்தான் இருப்பேன். ஆனா படகுக்கு வருவேன்."